கழற்றுவதா, இருந்த இடத்திலேயே சோதிப்பதா, மாற்றிவிடுவதா? அணுஉலைப் பாதுகாப்பு ஆர்.டி.டி.க்களின் காலிப்ரேஷனுக்கு (அளவீட்டுச் சரிபார்ப்புக்கு) உள்ள வழிகள்

எரிபொருள் மாற்றும் நிறுத்தம் நெருங்கும்போதெல்லாம் கருவியியல் பிரிவில் இந்தக் கேள்வி எழும். முதன்மைக் குளிர்விப்புச் சுற்றில் இருக்கும் பிளாட்டினம் ஆர்.டி.டி.க்களை (மின்தடை மாறுவதை வைத்து வெப்பநிலையைக் காட்டும் உணரிகளை) கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பலாமா? இருந்த இடத்திலேயே ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால் போதுமா? எதற்கு வம்பு என்று புதியவற்றையே மாட்டிவிடலாமா? மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. மூன்றிலும் வெளியே தெரியாத செலவுகள் உண்டு.

இந்தக் கட்டுரை அழுத்த நீர் உலைகளைப் பற்றியது. எண்களுக்கு அமெரிக்காவில் பரவலாக உள்ள நான்கு லூப் (உலைக்கு நீர் சுற்றிவரும் தனிப்பாதை) வெஸ்டிங்ஹவுஸ் வடிவமைப்பை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கூடங்குளத்தின் விவிஇஆர்-1000 உலைகளும் இதே குடும்பம்தான். நான்கு லூப்புகள், உலைக்குள் நுழையும் நீர் சுமார் 291 டிகிரி செல்சியஸ், வெளியேறும் நீர் சுமார் 321 டிகிரி. உணரிகளின் வகையும் எண்ணிக்கையும் உலைக்கு உலை மாறும். பின்னால் இருக்கும் இயற்பியல் மாறாது.

## எவ்வளவு பிழை எவ்வளவு கெடுக்கும்

முழுத் திறனில் ஹாட் லெக் (சூடான நீர் உலையை விட்டு வெளியேறும் குழாய்) 325 டிகிரிக்கு அருகிலும் கோல்ட் லெக் (நீர் உலைக்குத் திரும்பும் குழாய்) 292 டிகிரிக்கு அருகிலும் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 33 டிகிரி. உலையை நிறுத்தும் முக்கியமான இரண்டு ட்ரிப்கள், அதாவது ஓவர்டெம்பரேச்சர் டெல்டா-டி, ஓவர்பவர் டெல்டா-டி ஆகியவை, இந்த இடைவெளியை (டெல்டா-டி) நம்பித்தான் நிற்கின்றன. ஹாட் லெக் உணரி 0.3 டிகிரி குறைத்தும் கோல்ட் லெக் உணரி 0.3 டிகிரி கூட்டியும் காட்டினால் இடைவெளியில் 0.6 டிகிரி காணாமல் போகிறது. அது உலைத் திறனில் 1.8 சதவீதம். கூடங்குளம் போன்ற 30 டிகிரி இடைவெளியில் அதே பிழை 2 சதவீதமாகும்.

இதை மின்தடையில் பார்த்தால் வேலையின் நுட்பம் புரியும். சுழிய டிகிரியில் 200 ஓம் உள்ள பிளாட்டினம் உணரி 300 டிகிரியில் சுமார் 424.1 ஓம் காட்டும். அந்த இடத்தில் ஒரு டிகிரிக்கு 0.71 ஓம். ஆகவே 0.3 டிகிரி என்பது 424 ஓமில் 0.21 ஓம். 100 ஓம் உணரியில் அதுவும் பாதியாகிவிடும். நான்கு கம்பி இணைப்பு கட்டாயம் என்று சொல்வது இதனால்தான். மூன்று கம்பி இணைப்பில் இரண்டு கம்பிகளுக்குள் 0.1 ஓம் வேறுபாடு வந்தாலே 100 ஓம் உணரியில் கிட்டத்தட்ட 0.28 டிகிரி போய்விடும்.

பிழையின் அளவு மட்டுமல்ல, அதன் திசையும் முக்கியம். பிளாட்டினம் கம்பியில் இழுவிசை ஏறினாலும் வேற்றுப் பொருள் கலந்தாலும் மின்தடை கூடும். உணரி அதிகமாகக் காட்டும். ஹாட் லெக்கில் இது பாதுகாப்பான பக்கம், ஏனென்றால் ட்ரிப் முன்கூட்டியே வரும். கோல்ட் லெக்கிலோ அதே பிழை டெல்டா-டி-யைக் குறைத்துக் காட்டும். உறைக்குள் ஈரம் புகுந்து மக்னீசியம் ஆக்சைடு இன்சுலேஷன் பலவீனமானால் நேர் எதிர்: மின்னோட்டம் பக்கவழியில் கசிந்து, உணரி குறைவாகக் காட்டும். 424 ஓமுக்கு இணையாக 1 மெகாஓம் கசிவு இருந்தால் பிழை 0.25 டிகிரி. கசிவு 100 கிலோஓமுக்கு இறங்கினால் 2.5 டிகிரி. ஹாட் லெக்கில் மிகவும் அஞ்ச வேண்டிய பிழை இதுதான். குளிர்ந்த நிலையில் மெகர் (இன்சுலேஷன் மின்தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கும்போது நன்றாக இருக்கும் இன்சுலேஷன், சூடேறியதும் சரிந்துவிடுவது உண்டு.

## எதை வைத்து எடைபோடுவது

வழிகளுக்குள் போகும் முன் அளவுகோல்களை முடிவு செய்துகொள்ள வேண்டும். "எது மிகத் துல்லியமானது" என்ற கேள்வியோடு தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஆய்வகத்தில் போய் முடிகிறார்கள். அது தவறான தொடக்கம்.

முதல் அளவுகோல், அளவீட்டுச் சங்கிலியில் எதுவரை அந்த முறைக்குத் தெரிகிறது என்பது. பிளாட்டினச் சுருள், உறை, தெர்மோவெல் (உணரியைச் செருகும், குழாயில் பொருத்திய கூடு), கனெக்டர், கேபிள், உலைக்கூடச் சுவரைக் கடக்கும் பெனட்ரேஷன், கேபினெட்டில் உள்ள மாற்றி அட்டை என்று ட்ரிப் சமிக்ஞை ஏழு இடங்களைக் கடந்து வருகிறது. சுருளை மட்டும் பார்க்கும் முறை மற்ற ஆறையும் பற்றி ஒன்றும் சொல்லாது.

இரண்டாவது, எல்லா உணரிகளும் ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் அது பிடிபடுமா என்பது. மூன்றாவது, துலங்கும் வேகம். உணரி சரியான எண்ணைக் காட்டினால் போதாது, நேரத்தோடு காட்ட வேண்டும். நான்காவது, ஊழியர் வாங்கும் கதிர்வீச்சு டோஸும் நிறுத்தத்தின் கிரிட்டிக்கல் பாத்தில் (நிறுத்தத்தின் மொத்த நீளத்தைத் தீர்மானிக்கும் வேலை வரிசையில்) பிடிக்கும் மணி நேரமும். ஐந்தாவது அதிகம் பேசப்படாத ஒன்று: சோதனையே புதிய பழுதை உண்டாக்குமா. இந்த ஐந்தில் முதலும் ஐந்தாவதும்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மூன்றாவதைப் பற்றி ஒரு கணக்கு. தெர்மோவெல்லில் செருகிய ஆர்.டி.டி.க்குக் கால மாறிலி (துலங்க எடுக்கும் நேரத்தின் அளவு) வழக்கமாக 4 முதல் 8 விநாடி. நீரின் வெப்பநிலை விநாடிக்கு 0.5 டிகிரி ஏறும் ஒரு நிகழ்வில், கால மாறிலி 4-லிருந்து 7 விநாடியாக மந்தப்பட்டிருந்தால், உணரி கூடுதலாக 1.5 டிகிரி பின்தங்கும். காலிப்ரேஷனில் நாம் போராடும் 0.3 டிகிரியைப் போல ஐந்து மடங்கு அது.

## வழி ஒன்று: கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்புவது

ஆய்வகத்தில் நடப்பது தெளிவான வேலை. ஐஸ் பாத்தில் தொடங்கி, எண்ணெய்த் தொட்டியில் 300 டிகிரி வரை பல புள்ளிகளில் நிறுத்தி, தர பிளாட்டினம் வெப்பமானியோடு ஒப்பிடுவார்கள். அந்த வெப்பமானி 1990-இன் சர்வதேச வெப்பநிலை அளவுகோலின் நிலைப்புள்ளிகளோடு இணைக்கப்பட்டது. நீரின் மும்மைப் புள்ளி 0.01 டிகிரி, வெள்ளீயம் உறையும் 231.928 டிகிரி, துத்தநாகம் உறையும் 419.527 டிகிரி ஆகியவை அதில் அடங்கும். கிடைத்த எண்களை, மின்தடையையும் வெப்பநிலையையும் இணைக்கும் காலண்டர்–வான் டூசன் சமன்பாட்டில் பொருத்தி, அந்த உணரிக்கே உரிய குணகங்களை எடுப்பார்கள். இந்தக் குணகங்கள் இல்லாமல் பொது அட்டவணையை நம்பினால், ஐ.இ.சி. 60751-இன் ஏ வகுப்பு உணரிக்கே 300 டிகிரியில் 0.75 டிகிரி வரை விலகல் அனுமதி உண்டு. பாதுகாப்பு அமைப்புக்கு அது ஒருபோதும் போதாது.

துல்லியத்தில் இதை மிஞ்ச வேறு வழி இல்லை. தடம்காணும் தன்மையும் முழுமையாக இருக்கிறது. சிக்கல், உணரியைத் திரும்ப மாட்டும்போது வருகிறது.

தெர்மோவெல்லின் அடியில் உணரியின் நுனி சரியாக உட்காராவிட்டால், அரை மில்லிமீட்டர் காற்றிடைவெளிகூட துலங்கும் வேகத்தைக் கெடுத்துவிடும். கழற்றும்போது உதிர்ந்த துகள் ஒன்று அடியில் கிடந்தாலும் அதே கதி. வெப்பக் கடத்திப் பசை பூசிய வடிவமைப்புகளில் பழைய பசை காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் புதிய பசை சீராகப் பரவாது. முள் வளைந்த கனெக்டர், சரியாக முறுக்கப்படாத ஈரத்தடுப்பு வளையம் ஆகியவற்றின் விளைவு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். போகும்போது 0.05 டிகிரிக்குள் இருந்த உணரி, திரும்பி மாட்டிய பின்பும் அப்படியே இருக்கிறது என்பதற்கு ஆய்வகச் சான்றிதழ் சாட்சியாகாது.

உலைக்கூடத்திலிருந்து வரும் உணரி கதிரியக்க மாசு படிந்ததாக இருக்கும். எல்லா ஆய்வகங்களும் அதை வாங்கிக்கொள்ள முடியாது. பொதி, அனுமதி, போக்குவரத்து எல்லாம் சேர்ந்து, மூன்று நாள் வேலைக்கு மூன்று வாரம் ஆகும். அந்த உணரி பல நிறுத்தங்களுக்கு முன் செருகப்பட்டதாக இருந்தால், தெர்மோவெல்லில் இறுகி, கழற்றும் முயற்சியிலேயே உடையவும் கூடும்.

இதற்குப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. ஒரு உணரி ஏன் நகர்ந்தது என்ற காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், மாற்றி எடுத்த பழைய உணரியை அனுப்புங்கள். திரும்ப மாட்டப் போவதில்லை என்பதால் ஐந்தாவது அளவுகோலின் ஆபத்து அங்கே இல்லை.

## வழி இரண்டு: இருந்த இடத்திலேயே கிராஸ் காலிப்ரேஷன்

இதன் அடிப்படை எளிது. உலை வினைபுரியாத நிலையில், முதன்மைப் பம்புகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சுற்று முழுவதும் நீர் ஒரே வெப்பநிலையில் இருக்கும். பம்புகளின் வெப்பத்தாலேயே சுற்று 290 டிகிரி வரை ஏறும். அந்த நேரத்தில் எல்லா ஆர்.டி.டி.க்களும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டாதது எது என்று பார்ப்பதுதான் சோதனை.

செய்முறை இப்படிப் போகும். சூடேற்றும்போதோ குளிர்விக்கும்போதோ சுமார் 175 முதல் 290 டிகிரி வரை மூன்று முதல் ஐந்து படிகளில் நிறுத்துவார்கள். ஒவ்வொரு படியிலும் உணரிகளைக் கேபினெட்டில் பிரித்து, ஸ்கேனர் வழியாக உயர்துல்லிய மல்டிமீட்டரில் இணைத்து, வரிசையாகப் பல சுற்று படிப்பார்கள். ஒவ்வொரு படிப்பையும் மின்னோட்டத்தின் இரு திசைகளிலும் எடுத்துச் சராசரி காண வேண்டும். வெவ்வேறு உலோகங்கள் சந்திக்கும் முனைகளில் பிறக்கும் சிறு மின்னழுத்தம் அப்போதுதான் கழிந்துபோகும். பிறகு ஒவ்வொன்றின் மின்தடையையும் *அதற்கே உரிய* குணகங்களால் வெப்பநிலையாக்கி, மொத்தச் சராசரியிலிருந்து விலகலைக் கணக்கிடுவார்கள். 0.3 டிகிரிக்கு மேல் விலகியதை விலக்கிவிட்டு மீண்டும் சராசரி காண்பார்கள். விலகிய உணரிக்கு, குறைந்தது மூன்று படிகளின் தரவு இருந்தால், புதிய குணகங்களையும் இதே தரவிலிருந்து எடுக்கலாம்.

பல நிலையங்கள் மல்டிமீட்டரையும் விட்டுவிட்டு, சூடேறிக்கொண்டிருக்கும்போதே நிலையக் கணினியில் பதிவாகும் தரவை எடுத்துக் கணக்கிடுகின்றன. கிரிட்டிக்கல் பாத்தில் மணிநேரங்கள் மிச்சமாகும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: மல்டிமீட்டர் முறை கேபினெட்டின் மாற்றி அட்டையைத் தாண்டிவிடும், அதைத் தனியாக டெகேட் பாக்ஸ் (தெரிந்த மின்தடையைத் தரும் பெட்டி) வைத்துச் சரிபார்க்க வேண்டும். கணினித் தரவோ சுருள் முதல் அட்டை வரை முழுச் சங்கிலியையும் சேர்த்தே காட்டும். இழப்பும் அதே இடத்தில்தான். விலகல் தெரிந்தால் குற்றவாளி உணரியா அட்டையா என்று பிரித்துச் சொல்லாது. எங்கள் பரிந்துரை: கணினித் தரவில் தொடங்குங்கள், விலகிய தடத்துக்கு மட்டும் மல்டிமீட்டரை எடுத்துச் செல்லுங்கள்.

எண்ணிக்கை இந்த முறையின் உயிர். ஒரு லூப்புக்கு ஹாட் லெக்கில் 3, கோல்ட் லெக்கில் 1 என்று நான்கு லூப்புக்கு 16 உணரிகள் இருந்தால், ஒன்று 1 டிகிரி நகர்ந்தாலும் சராசரி 0.06 டிகிரிதான் அசையும். ஒவ்வொன்றும் தன்போக்கில் 0.2 டிகிரி அளவுக்குச் சிதறியிருந்தாலும் சராசரியின் நிச்சயமின்மை அதில் நான்கில் ஒரு பங்கு, 0.05 டிகிரி. நான்கே உணரிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் கதை வேறு. ஒன்றின் 1 டிகிரிப் பிழை சராசரியை 0.25 டிகிரி இழுக்கும். பிழை செய்தது 0.75 டிகிரி விலகலோடும், குற்றமற்ற மூன்றும் எல்லையைத் தொடும் விலகலோடும் தெரியும்.

கூட்டு நகர்வு. இந்த முறையின் பெரிய ஓட்டை இது. 16 உணரிகளும் ஒன்றாக 0.5 டிகிரி நகர்ந்திருந்தால் எல்லா விலகலும் சுழியமாகவே வரும். அறிக்கை அழகாக இருக்கும். ஒரே தயாரிப்பாளர், ஒரே தொகுதி, ஒரே வயது, ஒரே வெப்பம் என்று இருக்கும்போது இதை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்காக 1990-இல் வெளியான ஆர்.டி.டி. முதுமை ஆய்வில், நல்ல உணரிகளின் நகர்வு ஓர் எரிபொருள் சுழற்சிக்கு ஏறக்குறைய 0.2 டிகிரி வரம்பில் இருக்கும் என்று கண்டார்கள். ஒரு சுழற்சிக்கு அது சரி. பத்து ஆண்டுகளாகத் தங்களையே சராசரியாக வைத்துக்கொண்டு வந்த கூட்டத்துக்கு அந்த எண்ணை நீட்டிக்க முடியாது.

அதே ஆணையத்தின் 7-13 என்ற தொழில்நுட்ப நிலைப்பாட்டுக் குறிப்பு இந்தக் கவலையைப் பற்றியதுதான். புதிதாக ஆய்வகத்தில் காலிப்ரேட் செய்த உணரி ஒன்றாவது கூட்டத்தில் ஒப்பளவாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதை நங்கூரம் என்று அழைக்கலாம்.

நங்கூரம் போட்ட பிறகும் ஒரு தவறு நடக்கிறது, அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பழைய 15-ம் கூட்டாக 0.2 டிகிரி குறைவாகக் காட்டுகின்றன, புதியது ஒன்றே உண்மை சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியிலிருந்து புதியதன் விலகல் 0.19 டிகிரி. எல்லை 0.3 என்பதால் சத்தமில்லாமல் தேறிவிடும், கூட்டு நகர்வை யாரும் கவனிக்க மாட்டார்கள். பழையவை 0.4 டிகிரி நகர்ந்திருந்தால் இன்னும் மோசம். புதியது 0.375 விலகலோடு எல்லையைத் தாண்டும், கூட்டம் அதையே பொய்யன் என்று காட்டும், குணகங்களைத் "திருத்தி" அதையும் கூட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள். ஆகவே நங்கூரத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். அதைச் சராசரியில் சேர்க்காமல், மற்றவற்றின் சராசரியை அதனோடு ஒப்பிடுங்கள். எல்லையையும் 0.3 என்று வைக்காமல் இறுக்குங்கள். முடிந்தால் இரண்டு நங்கூரங்கள், வெவ்வேறு லூப்பில், வெவ்வேறு தொகுதியிலிருந்து. வழியில் அடிபட்ட புதிய உணரி ஒன்று முழுக் கூட்டத்தையும் தவறாக வழிநடத்தாமல் இருக்க இதுவே காப்பு.

லூப்புகளுக்கு இடையிலான வேறுபாடு. ஒரு நீராவி உற்பத்திக் கலம் மற்றவற்றைவிடச் சற்று அதிக வெப்பத்தை இழுத்தால் அந்த லூப் உண்மையிலேயே 0.1 டிகிரி குளிர்ந்திருக்கும். அதைக் கணக்கில் கழிப்பது வழக்கம். ஆனால் அதே கழித்தல், ஒரு லூப்பின் உணரிகளுக்கெல்லாம் பொதுவான மின்வழங்கியில் வந்த பிழையையும் சேர்த்துத் துடைத்துவிடும். திருத்துவதற்கு முந்திய எண்களையும் பிந்திய எண்களையும் அருகருகே வைத்துப் படிக்காத எவரும் கையெழுத்திடக் கூடாது.

## வழி மூன்று: புதியவற்றை மாட்டுவது

நிறுத்தத் திட்டம் போடுபவர்களுக்கு இது பிடிக்கும். புதிய உணரி சான்றிதழோடு வருகிறது, முதுமைக் கேள்வியும் கூட்டு நகர்வுக் கேள்வியும் ஒரே நாளில் தீர்கின்றன. ஆனால் முதல் வழியில் சொன்ன மாட்டும் ஆபத்துகள் அத்தனையும் இதிலும் உண்டு. மேலும் மூன்று சேரும்.

புதிய பிளாட்டினம் முதல் சில சூடேற்றக் குளிர்விப்புச் சுழற்சிகளில் சற்று நகரும், பிறகுதான் அடங்கும். ஆய்வகத்தில் போதுமான வெப்பச் சுழற்சி கொடுத்த பின்தான் காலிப்ரேட் செய்தார்களா என்று கொள்முதல் ஆவணத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, குணகங்கள். 16 உணரிக்கும் 16 வெவ்வேறு குணகத் தொகுப்புகள். வரிசை எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் உணரி அ-வின் குணகம் உணரி ஆ-வுக்குப் போய்ச் சேரும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்கும்போது நியாயமான எண்ணைத்தான் காட்டும், பிழை சில பத்தில் ஒரு டிகிரி அளவில் ஒளிந்திருக்கும். மாற்றிய பின் கிராஸ் காலிப்ரேஷன் செய்யாமல் இதைப் பிடிக்க முடியாது. ஆகவே இரண்டாவது வழியின் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணி மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டுக்குமே செலவழிக்கிறார்.

மூன்றாவது, ஒரே நிறுத்தத்தில் எல்லாவற்றையும் மாற்றுவது. அடுத்த பத்தாண்டுக்கான கூட்டு நகர்வுக்கு அன்றே விதை போடுகிறீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்றிரண்டாகச் சுழற்சி முறையில் மாற்றினால், மாற்றப்படுவதே அந்த முறைக்கான நங்கூரமாகவும் பயன்படும். இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் ஒன்றையொன்று தாங்கும் இடம் இது.

## வழி நான்கு: ஓடும்போதே கண்காணிப்பது

சுழற்சி முழுவதும் பதிவான தரவை வைத்து உணரிகளின் நகர்வைத் தொடர்வது. பிரிட்டனின் சைஸ்வெல் பி நிலையம் அழுத்த டிரான்ஸ்மிட்டர்களின் காலிப்ரேஷன் இடைவெளியை நீட்டிக்க இந்த வகை முறையைப் பயன்படுத்தியிருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு ஆர்.டி.டி.க்கும் அப்படியே பொருத்தலாம் என்று நினைப்பவர்கள் ஒரு தடையைச் சந்திப்பார்கள்.

திறனில் ஓடும்போது ஹாட் லெக் ஒரே வெப்பநிலையில் இருப்பதில்லை. எரிபொருள் தொகுப்புகளிலிருந்து வெவ்வேறு சூட்டில் வரும் நீர் குழாயில் முழுமையாகக் கலப்பதற்கு முன்பே உணரிகளைக் கடந்துவிடும். 120 டிகிரி கோண இடைவெளியில் மூன்று உணரிகளை வைத்துச் சராசரி எடுப்பதே இதற்காகத்தான். அவற்றுக்கிடையே சில டிகிரி வேறுபாடு நியாயமாகவே இருக்கும், எரிபொருள் எரிய எரிய அது மாறவும் செய்யும். அந்த இரைச்சலுக்குள் 0.3 டிகிரி நகர்வைத் தேடுவது வீண். கோல்ட் லெக்கில் நிலைமை நன்று, பம்பு கலக்கிவிட்ட நீர் அது.

இதை நாங்கள் எச்சரிக்கை மணியாகப் பரிந்துரைக்கிறோம், காலிப்ரேஷனாக அல்ல. திடீர்த் தாவல், மெல்லச் சரியும் இன்சுலேஷன், தளர்ந்த முனை ஆகியவற்றை நிறுத்தம் வரும் முன்பே காட்டிக்கொடுக்கும். டோஸ் சுழியம், புதிய பழுதுக்கும் வழியில்லை.

## ஜான்சன் இரைச்சல் வெப்பமானி

எந்த மின்தடையிலும் வெப்பத்தால் எழும் மின் இரைச்சலின் திறன் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பிளாட்டினம் முதுமையடைந்தாலும் இந்த உறவு மாறாது. கூட்டு நகர்வுக்குக் கொள்கையளவில் முழுத் தீர்வு இதுதான். நடைமுறையில், 424 ஓம் உணரி 300 டிகிரியில் 100 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் தரும் இரைச்சல் 1.2 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. 0.1 டிகிரி துல்லியத்துக்குக் குறைந்தது ஐந்தரை நிமிடம் தொடர்ந்து சேகரிக்க வேண்டும், அதுவும் வெளி மின்குறுக்கீடு இல்லாத உலகில். நூற்றுக்கணக்கான மீட்டர் கேபிளும் பம்பு மோட்டார்களும் உள்ள நிலையத்தில் அது பல மடங்காகும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இதில் நீண்ட காலம் உழைத்திருக்கிறது. இன்றைய நிறுத்தத் திட்டத்தில் வைக்கத்தக்க வழியாக அது இன்னும் வளரவில்லை.

## வேகத்தை யார் பார்ப்பது

மேலே சொன்ன எந்தக் காலிப்ரேஷன் வழியும் மூன்றாவது அளவுகோலுக்குப் பதில் சொல்லவில்லை. ஆய்வகத்தில் விநாடிக்கு 1 மீட்டர் ஓடும் நீரில் உணரியை முக்கி எடுக்கும் கால மாறிலி, 300 டிகிரியில் அந்தத் தெர்மோவெல்லுக்குள் அந்த உணரி காட்டப்போகும் கால மாறிலி அல்ல.

அதற்குத் தனியாக மின்னோட்டப் படிச் சோதனை செய்ய வேண்டும். உணரியை வீட்ஸ்டன் பாலத்தில் இணைத்து, மின்னோட்டத்தை 1 அல்லது 2 மில்லியாம்பியரிலிருந்து 40 முதல் 80 வரை ஒரேயடியாக உயர்த்துவார்கள். சுருள் உள்ளிருந்து சில டிகிரி சூடேறும், அந்த ஏற்றத்தின் வடிவத்திலிருந்து வெளிநீர் மாறும்போது உணரி எப்படித் துலங்கும் என்று கணிப்பார்கள். நீரின் இயல்பான ஏற்ற இறக்கம் குறுக்கிடுவதால் பத்து இருபது முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். இயக்க வெப்பநிலையிலும் ஓட்டத்திலும் செய்தால்தான் மதிப்பு. சோதிக்கும் தடம் அந்த நேரம் பைபாஸில் (ட்ரிப் கணக்கிலிருந்து விலக்கி) இருக்கும், ஒரு சமயத்தில் ஒரு தடம்தான். அமெரிக்க ஆணையம் 1981-இல் நியூரெக்-0809 என்ற அறிக்கையில் இந்த முறையை ஆராய்ந்து ஏற்றது.

உணரியைக் கழற்றியோ மாற்றியோ இருந்தால் இந்தச் சோதனை விருப்பத் தேர்வு அல்ல. முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் மதிப்பீடு போடும்போது இதன் மணிநேரங்களைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஆய்வகம் | கிராஸ் காலிப்ரேஷன் | புதிய உணரி | ஓடும்போது கண்காணிப்பு |
|---|---|---|---|---|
| சங்கிலியில் எதுவரை | உணரி மட்டும் | கேபினெட் வரை. கணினித் தரவானால் அட்டையும் | உணரி மட்டும் | முழுச் சங்கிலி |
| கூட்டு நகர்வு | பிடிபடும் | நங்கூரம் இருந்தால் மட்டும் | மாற்றிய அன்று தீரும் | பிடிபடாது |
| துலங்கும் வேகம் | மாட்டிய பின் தனிச் சோதனை கட்டாயம் | தனிச் சோதனை | மாட்டிய பின் தனிச் சோதனை கட்டாயம் | இரைச்சல் பகுப்பாய்வால் ஓரளவு |
| டோஸ் | அதிகம் | மிகக் குறைவு | அதிகம் | இல்லை |
| புதிய பழுது | செருகல், கனெக்டர், ஈரம் | மல்டிமீட்டர் முறையில் முனைகள் | செருகல், குணகக் குழப்பம் | இல்லை |

## எப்போது எதை எடுப்பது

பத்துக்கு மேல் உணரிகள், பம்புகளோடு நிலையாகச் சூடேறும் சுற்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்றிரண்டை மாற்றும் திட்டம் ஆகிய மூன்றும் இருந்தால் கிராஸ் காலிப்ரேஷனே சரி. பெரும்பாலான அழுத்த நீர் உலைகள் இந்த நிலையில்தான் இருக்கின்றன.

உணரிகள் நான்கைந்துதான் என்றால் சராசரியை நம்பாதீர்கள். ஆய்வகத்தில் காலிப்ரேட் செய்த மாற்று உணரிகளைக் கையிருப்பில் வைத்து, மாறி மாறி மாட்டுங்கள். எடுத்ததை அடுத்த நிறுத்தத்துக்குள் ஆய்வகத்தில் சோதித்து வைத்துக்கொள்ளலாம். மூன்று வார இடைவெளி அப்போது தொல்லையாக இராது.

எல்லா உணரிகளும் ஒரே வயது, கடந்த பல நிறுத்தங்களில் நங்கூரமே இல்லை என்ற நிலையில் இருந்தால், அடுத்த நிறுத்தத்தில் குறைந்தது இரண்டை மாற்றுங்கள். எடுத்த இரண்டையும் தூக்கி எறியாமல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கூட்டம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

உலைக்கரு வெளிவாயில் தெர்மோகப்புள்களுக்கு (இரு உலோகக் கம்பிகளில் பிறக்கும் மின்னழுத்தத்தால் வெப்பநிலையை அளப்பவை) மட்டும் ஆய்வக வழியை முற்றாக மறந்துவிடுங்கள். பெரும்பாலும் கே வகை அவை. தெர்மோகப்புளின் மின்னழுத்தம் நுனியில் பிறப்பதில்லை, கம்பி நெடுக வெப்பநிலை மாறும் பகுதியில் பிறக்கிறது. வயதான கம்பியின் அந்தப் பகுதியை வேறு ஆழத்தில், வேறு சூட்டுச் சரிவில் வைத்துச் சோதித்தால் வேறு எண்தான் வரும். போதாததற்கு, கே வகை 250 முதல் 550 டிகிரி வரையிலான பகுதியில் தானாகவே ஓரிரு டிகிரி இடம் மாறும் உட்கட்டமைப்பு மாற்றம் கொண்டது. சமவெப்ப நிலையில், அப்போதே தேறிய ஆர்.டி.டி. சராசரியோடு ஒப்பிட்டு, தனித்தனித் திருத்தம் கொடுப்பது ஒன்றே அவற்றுக்கு ஏற்ற வழி.

கடைசியாக, நிறுத்தத்தின் முடிவில் அடிக்கடி வரும் நிலைமை. கடைசிப் படியில் ஓர் ஹாட் லெக் உணரி 0.4 டிகிரி குறைவாகக் காட்டுகிறது, உலையைத் தொடங்க அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. புதிய குணகம் போட்டால் பத்து நிமிடத்தில் தேறிவிடும். போடுவதற்கு முன் சூடான நிலையிலேயே இன்சுலேஷன் மின்தடையைப் பாருங்கள், கீழ்ப் படிகளில் விலகல் என்னவாக இருந்தது என்றும் பாருங்கள். 175 டிகிரியில் சரியாக இருந்து மேலே போகப்போக விலகல் வளர்ந்திருந்தால் அது கசிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம், குணகத்தால் அதை மூட முடியாது. அடுத்த மாதம் அது 0.4-இலேயே நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரட்டைச் சுருள் உணரியாக இருந்தால் மாற்றுச் சுருளுக்குத் தடத்தைத் திருப்பி, அதற்குரிய குணகங்களை ஏற்றி, ஒரு படியிலாவது ஒப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.